வாட் கணக்கும் காதுக் கணக்கும்

ஸ்டீரியோ அமைப்பில் இருக்கும் பொருட்கள் மூன்று: பாட்டை எடுத்துக் கொடுக்கும் கருவி, அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நான்காவதாக அறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் அறையைப் பற்றிப் பேசமாட்டார். அதை அவரால் விற்க முடியாது. ஆனால் காதுக்கு வந்து சேரும் ஒலியைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஸ்பீக்கரும் அது உட்கார்ந்திருக்கும் அறையும்தான். ஆம்ப்ளிஃபையர், வயர், போன் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. கையில் தாராளமாகப் பணம் இருப்பவர் எந்த வரிசையில் செலவழித்தாலும் ஓரளவு நல்ல ஒலி கிடைத்துவிடும். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொடங்குகிறவர் வரிசையை மாற்றினால் பணம் போனதுதான் மிச்சம்.

கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் போன்ற சிறு நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பீக்கரை உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்கும் கடைகள் பெருநகரங்களோடு நின்றுவிடுகின்றன. ஊரில் கைக்கு எட்டுவது டிவியோடு சேர்த்து விற்கும் சவுண்ட்பார், மொபைல் கடையின் ப்ளூடூத் ஸ்பீக்கர், திருவிழாவுக்கு வாடகைக்குப் போகும் பெரிய பெட்டிகள். உதிரிப் பாகம் வேண்டுமென்றால் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மற்றதெல்லாம் கூரியரில் வரும் அட்டைப்பெட்டி. கேட்காமலே வாங்குகிறவருக்குத் துணை அந்தப் பெட்டியில் அச்சடித்த எண்கள்தான். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

எதற்கு இரண்டு பெட்டி? ஓர் ஒலி இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசத்தை வைத்தே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுகொள்கிறது. இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே குரலை ஒரே அளவில் எழுப்பினால், நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், பாடகர் நிற்பது போலக் கேட்கும். இடப்பக்க ஒலியைச் சற்றுக் கூட்டினால் அவர் இடப்பக்கம் நகர்வார். இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் இந்த அடிப்படையில் ஒலிப்பதிவு செய்யும் முறைக்கு 1931-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தது 1950-களின் கடைசியில். தமிழ்த் திரையிசைக்கு அது வந்து சேர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1978-ல் வெளிவந்த 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்களே தமிழின் முதல் ஸ்டீரியோப் பதிவு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்திய திரைப்பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே மோனோ.

பழைய பாட்டு மட்டும் கேட்பவருக்கு ஸ்டீரியோ எதற்கு என்று கேட்கலாம். நல்ல ஜோடி ஸ்பீக்கரில் மோனோப் பாட்டும் தெளிவாகவே கேட்கும். குரல் ஒரே இடத்தில் கச்சிதமாக நிற்கும். சொல்லப்போனால் ஸ்பீக்கர்கள் சரியாக வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க மோனோப் பாட்டைவிட நல்ல சோதனை கிடையாது. குரல் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் பரவிக் கிடந்தால் எங்கோ தவறு இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர் வைத்து 'ஸ்டீரியோ' என்று எழுதி விற்பவற்றில் இந்த இட உணர்வு வராது. அவை சமையலறைக்கும் மொட்டை மாடிக்கும் போதும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் காது பழகிய விதம் வேறு. ஓலைக் கொட்டகைக் கல்யாணத்தின் மைக் செட்டும் புனல் ஸ்பீக்கரும் முதலில் வந்தன. எண்பதுகளில் கேசட் பரவியபோது ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். கடை வாசலில் ஆளுயரப் பெட்டிகள், உள்ளே விளக்குகள் ஏறி இறங்கும் ஈக்வலைசர். அந்த ஈக்வலைசரின் குமிழ்கள் எப்போதும் இரு ஓரங்களில் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் இருக்கும். பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகவும் குரல் பின்தங்கியும் கேட்கும். தனியார் பேருந்துகள் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் அந்தச் சரிசெய்தல் நியாயமானதே. அதே ருசியை வீட்டு அறைக்குக் கொண்டுவரும்போதுதான் அரை மணி நேரத்தில் காது களைத்துப்போகிறது. நல்ல ஸ்டீரியோ முதல் நாள் கேட்கும்போது சிலருக்குச் சப்பென்று இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு வாரம் போகட்டும்.

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஒலிபெருக்கி இல்லாத இசையைக் கேட்கும் வாய்ப்பு இங்கே இன்னும் இருக்கிறது. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் வீதியில் வரும் நாகஸ்வரத்தையும் தவிலையும் பத்தடி தூரத்தில் நின்று கேட்டவர், ஸ்பீக்கரில் வருவது தவிலா தகர டப்பாவா என்று உடனே சொல்லிவிடுவார். வீரநாராயணபுரம் என்ற பழைய பெயர் கொண்ட காட்டுமன்னார்கோயில் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர். பல தாளங்களை ஒருசேரத் தட்டவிட்டு, ஒவ்வொன்றின் எடையையும் ஓசையைக் கொண்டே அவர் சொன்னதாகக் குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. கருவிகளின் அசல் ஒலி காதில் பதிந்திருந்தால் போதும். விலைப்பட்டியல் தர முடியாத அளவுகோல் அது.

இனி எண்கள். பெட்டியில் மிகப் பெரிதாக அச்சிடப்படுவது வாட். அதில் பிஎம்பிஓ என்று இருந்தால் படிக்காமல் விட்டுவிடலாம். அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறை எதுவும் கிடையாது. விற்பவர் மனம்போல ஆயிரம், பத்தாயிரம் என்று போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட். அதுவும் இல்லையென்றால் கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கினால் வருவது 24 வாட். சுவரிலிருந்து உள்ளே போவதே 24 வாட் என்றால் ஸ்பீக்கரிலிருந்து தொடர்ந்து வருவது அதற்கும் குறைவாகத்தான் இருக்கும், மேலட்டையில் எத்தனை பூஜ்ஜியம் இருந்தாலும். பெயர்பெற்ற நிறுவனங்களின் மேசை ஸ்பீக்கர் ஜோடிகள் பலவற்றில் 40 வாட் சொச்சம் என்றுதான் இருக்கும். எடிஃபையரின் ஆர்1280டி ஜோடி இரண்டும் சேர்ந்து 42 வாட் ஆர்எம்எஸ். அந்த எண் சிறியதாகத் தெரிவது உண்மையைச் சொல்வதால்தான்.

வீட்டுக்கு எத்தனை வாட் தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்ற எண், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பதைச் சொல்வது. சிறிய வீட்டு ஸ்பீக்கர்களில் அது 85-ஐ ஒட்டி இருக்கும். 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் ஒலிப்பதால் 3 கூடும். ஆக, ஆளுக்கு 1 வாட் கொடுத்தாலே 82 டெசிபெல். வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் அளவு 70 முதல் 75 வரைதான். 20 வாட் கொடுத்தால் 95-ஐத் தொடும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அது போதும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஒலி இரு மடங்கு போலக் கேட்க வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். 50 வாட் ஆம்ப்ளிஃபையருக்கும் 100 வாட் ஆம்ப்ளிஃபையருக்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்தை ஸ்பீக்கரில் போடுவதே மேல் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

அடுத்த எண் அலைவெண். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளில்லை. எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று கூடவே சொல்லியிருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் 3 டெசிபெலுக்குள் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று சொல்லும் ஸ்பீக்கர், 20 ஹெர்ட்ஸ் என்று வெறுமனே அளந்துவிடும் ஸ்பீக்கரைவிட நம்பத்தக்கது. எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பது கேட்கும் பாட்டைப் பொறுத்தது. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸை ஒட்டியது. அவருக்குச் சுருதி கூட்டிய தம்புராவின் மந்தர சட்ஜம் அதில் பாதி, சுமார் 65. கர்நாடக இசைக்கும் பழைய திரைப்பாட்டுக்கும் 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் 4 அல்லது 5 அங்குல ஸ்பீக்கர் போதும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் ஓடும் பாதையைப் பின்தொடர ஆசைப்படுகிறவர் ஆறரை அங்குலத்துக்குப் போகலாம்.

கூம்பின் அளவைவிட முக்கியமானது அது உட்கார்ந்திருக்கும் பெட்டி. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது; அதே நொடியில் பின்புறக் காற்று விரிகிறது. பெட்டி இல்லையென்றால் பேஸ் ஒலியில் இவ்விரண்டும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டால் கீச்சுக் கீச்சென்று கேட்பது இதனால்தான். இந்த விஷயத்தைச் சூத்திரம் தெரியாமலே கண்டுபிடித்தவர்கள் கிராமத்து இளைஞர்கள். கார் ஸ்பீக்கர் ஒன்றை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்துப் பேஸ் கூட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்தது. பானை இரண்டு வேலை செய்கிறது. வாயை நன்றாக மூடி உட்கார்ந்தால் அது ஒரு பெட்டி. ஒரு பக்க ஒலியை உள்ளேயே அடைத்துவிடும். இடைவெளி விட்டு வைத்தால் பானையே ஒரு குறிப்பிட்ட சுரத்தில் முழங்கத் தொடங்கும். 10 லிட்டர் கொள்ளளவும் ஆறங்குல வாயும் உள்ள பானை முழங்கும் இடம் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ். அது உண்மையான பேஸ் இல்லை, ஆண்குரலின் நடுப்பகுதி. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தொம்'மென்ற முழக்கம் சேர்ந்துகொள்வது அதனால்தான். பெட்டியில் துளை போட்டு விற்கும் ஸ்பீக்கர்களும் இதே முழக்கத்தைத்தான் பயன்படுத்துகின்றன. துளையின் நீளத்தையும் பெட்டியின் கொள்ளளவையும் கணக்கிட்டு அதை 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழிறக்கி வைத்திருப்பதே வித்தியாசம்.

அந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960-களிலும் எழுபதுகளிலும் ஒழுங்குபடுத்தினார்கள். இன்று இலவச மென்பொருளிலேயே செய்துவிடலாம். அதற்கு ஸ்பீக்கரின் தீல்-ஸ்மால் அளவுகள் தேவை. அவை இல்லாமல் விற்கும் ஸ்பீக்கருக்கு ஆசாரி எவ்வளவு அழகாகப் பெட்டி செய்தாலும் குருட்டாம்போக்குதான். அளவு தெரிந்த ஸ்பீக்கர் கிடைத்து, ஊரில் நல்ல தச்சரும் இருந்தால் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி அடிக்கலாம். மூட்டுகளில் காற்று கசியக் கூடாது. ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டோரமாகக் கொண்டுபோய், கூம்பை மெல்ல அழுத்தினால் புகை அசையும் இடம் கசியும் இடம். ஆனாலும் ட்ரெபிள் எழுப்பும் ட்வீட்டருக்கும் பேஸ் எழுப்பும் வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரை வடிவமைப்பது எளிதல்ல. கடையில் கிடைக்கும் ஒற்றை கெபாசிட்டரை ட்வீட்டரில் தொங்கவிட்டு முடித்துக்கொண்டால் குரல் எங்கோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். முதல் ஸ்டீரியோவுக்குத் தயாராகக் கிடைக்கும் ஜோடியை வாங்கிக்கொண்டு, தச்சரை ஸ்டாண்டு செய்யச் சொல்வதே நல்லது.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதில் லாபம் அதிகம். பார்த்து வாங்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஸ்பாஞ்சாக இருந்தால் கடலோர ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் தொட்டால் உதிரும். ரப்பர் வளையம் பல காலம் தாங்கும். இரண்டு கையின் விரல்களாலும் கூம்பைச் சமமாக உள்ளே அழுத்தி விட்டால் சத்தமின்றி வர வேண்டும். 'கரகர' என்று உரசினால் உள்ளே சுருள் கோணிவிட்டது. மல்டிமீட்டரை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்டும். அது பழுதல்ல, சுருளின் நேர்மின் தடை. ட்வீட்டர் செத்திருப்பதை மீட்டர் பல சமயம் சொல்லாது. பாட்டை மெதுவாக வைத்துக் காதை அதன் அருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும்.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் காலம் ஏழைக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. ரேடியோ மெக்கானிக்குகள் ஒரு காலத்தில் 2என்3055 டிரான்சிஸ்டரையும் பிறகு எஸ்டிகே ஐசிக்களையும் வைத்து 'அசெம்பிள் செட்' கட்டிக் கொடுத்தார்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மர், சூடேறும் அலுமினிய ஹீட்சிங்க், மேலே ரெக்சின் ஒட்டிய பெட்டி. அந்த ஐசிக்களின் அசல் இன்று கிடைப்பது அரிது; அதே பெயரில் போலிகள் உலவுகின்றன. மாறாக, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 போன்ற 'கிளாஸ் டி' ஐசி கொண்ட சிறிய போர்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் அதற்கு மின்சாரம் தரப் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட் வீதம் தரும். மேலே போட்ட கணக்குப்படி ஒரு வீட்டுக்கு அது தாராளம். வெயில் காலத்திலும் அதிகம் சூடாகாது. சாலிடரிங் வேண்டாம் என்பவருக்கு, ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே வைத்து வரும் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடிகள் உண்டு. பத்தாயிரத்தை ஒட்டிய பட்ஜெட்டில் பெரும்பாலும் அவையே புத்திசாலித்தனமான தேர்வு. ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்க்கும் வேலையை நிறுவனமே முடித்திருக்கும்.

விழா மேடை ஆம்ப்ளிஃபையர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுக்கு வாங்கக் கூடாது. அது பேச்சுக்குரல் தொலைதூரம் போவதற்காகச் செய்யப்பட்டது. பலவற்றில் புனல் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைன் முனை இருக்கும். தெரியாமல் வீட்டு ஸ்பீக்கரை அதில் செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

வயருக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். 5 மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் சேர்த்து அதன் தடை 0.12 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒன்றுமே இல்லை. மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் வயர்கள் விற்பவருக்கு மட்டுமே இனிய ஒலி தருபவை. கவனிக்க வேண்டியது, சிவப்பும் கறுப்பும் இரண்டு பெட்டிகளிலும் ஒரே முறையில் இணைக்கப்பட்டிருப்பது. ஒன்று மாறினால் ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ் மறைந்து குரல் காற்றில் கலைந்துவிடும். பெட்டியில் குறி அழிந்திருந்தால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, டார்ச் லைட் பேட்டரி ஒன்றை வூஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். கூம்பு முன்னால் துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே சிவப்பு.

பாட்டைத் தரும் கருவி பெரும்பாலும் ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது. போனிலிருந்து ப்ளூடூத்தில் வரும் ஒலி சாதாரண முறையிலும் விநாடிக்கு 300 கிலோபிட் அளவில் வந்துவிடும். பெரும்பாலோர் காதுக்கு அது போதும். இன்னும் சுத்தமாக வேண்டுமானால் போனின் சார்ஜர் துளையில் செருகி, டிஜிட்டல் பாட்டை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் சிறிய டாக் ஒன்று சில நூறு முதல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பரணில் தூங்கும் டிவிடி பிளேயர் நல்ல சிடி பிளேயராகவும் உழைக்கும். கையில் ரேடியோ இருந்தால் காரைக்கால் பண்பலை 100.3 இருக்கவே இருக்கிறது. கருவியைவிடப் பதிவின் தரத்தால் வரும் கேடே அதிகம். தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றி, சுருதியே அரைக்கட்டை மாறிப்போன பாட்டை எந்த ஸ்பீக்கரும் திருத்தாது. ஒரே பாட்டின் பல பதிவுகளில் இசை நிறுவனமே வெளியிட்டதைத் தேடிக் கேட்பது பைசா செலவில்லாத முன்னேற்றம்.

இப்போது அறை. காவிரி டெல்டாவின் பழைய நாட்டு ஓட்டு வீடுகளில் எதிரொலி குறைவு. ஓட்டிடுக்கில் ஒலி வெளியேறிவிடும். புதிய வீடுகள் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் கொண்டவை. ஆறு பக்கமும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அறை நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினால் 'டிங்' என்ற மெல்லிய உலோக ஓசை இழுபடுகிறதா என்று கேட்க வேண்டும். இழுபட்டால் பாட்டின் ஒவ்வொரு சொல்லின் மேலும் அந்த ஓசை படியும். ஜமுக்காளமும் கோரைப்பாயும் மேல்ஸ்தாயிக் கூர்மையை மட்டுமே குறைக்கும். நடுப்பகுதி ஒலிக்குக் கனம் வேண்டும்: இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாத்தி வைப்பது, தாறுமாறாக அடுக்கிய புத்தக அலமாரி, தடித்த திரைச்சீலை. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பயன் மிகக் குறைவு. கரப்பான் பூச்சிக்கு வேண்டுமானால் வசதி.

பேஸை மெத்தை தடுக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். அதை உறிஞ்ச ஏறக்குறைய முக்கால் மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். அறையின் நீள அகலமே சில சுரங்களைத் தூக்கிக் காட்டும். நம்மூர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 12-க்கு 10 அடி அறையில் நீளவாக்கில் 48 ஹெர்ட்ஸும் அகலவாக்கில் 57 ஹெர்ட்ஸும் முழங்கும். நீளமும் அகலமும் உயரமும் சமமாக இருந்தால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் குவியும். ஆகவே பத்தடி உயரமுள்ள பத்தடிச் சதுர அறை பாட்டுக்கு மிக மோசமான அறை. இதற்கு மருந்து உட்காரும் இடத்தையும் ஸ்பீக்கர் இடத்தையும் மாற்றிப் பார்ப்பதுதான். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பேஸ் மிகுந்து கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். முதுகுப்பக்கச் சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருவது நல்ல தொடக்கம்.

ஸ்பீக்கரை மூலையில் வைத்தாலும் சிமென்ட் ஷோகேஸுக்குள் திணித்தாலும் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகும். பின்சுவரிலிருந்து ஒன்று ஒன்றரை அடி முன்னால் இழுத்து, இரண்டுக்கும் இடையே ஐந்தாறு அடி விட்டு, கேட்பவரோடு சேர்ந்து சமபக்க முக்கோணமாக வைக்க வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்கப் பணமில்லையென்றால் ஹாலோ பிளாக் கற்கள் போதும். பாயில் உட்கார்ந்து கேட்பவரின் காது தரையிலிருந்து 70 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 40 சென்டிமீட்டர் நீளக் கல்லை நிமிர்த்தி நிறுத்தி, மேலே கடப்பைக் கல் துண்டும் அதன்மேல் ரப்பர் துண்டுகளும் வைத்துச் சிறிய ஸ்பீக்கரை ஏற்றிச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் ட்வீட்டர் காதைப் பார்க்கும். நாற்காலிக்காரருக்கு இரண்டு கல். பாட்டுப் போட்டதும் எங்கிருந்தோ 'ஜிர்' என்று ஒரு சத்தம் சேர்ந்தால் ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன் இரும்பு பீரோவின் கதவையும் பரண்மேல் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரங்களையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

வைத்த இடம் சரியா என்பதை மூன்று வகைப் பாட்டில் பார்த்துவிடலாம். முதலில் மோனோத் திரைப்பாட்டு. குரல் நடுவில் ஒரு முகத்தின் அகலத்துக்குள் நிற்க வேண்டும். அடுத்து மிருதங்கம். அதன் வலந்தரையில் பூசும் கரணைதான் தோலின் ஒலியைச் சுருதியோடு சேர வைக்கிறது என்பதை சி.வி.ராமன் 1920-லும் பிறகு 1934-லும் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார். வலந்தரையின் மீட்டு சுருதியில் நிற்பதும் இடப்பக்கத் தொப்பியின் கும்கி அதிலிருந்து பிரிந்து கீழே உருள்வதும் தெரிந்தால் ஸ்பீக்கர் தேறிவிட்டது. இரண்டும் ஒரே 'டொம்'மாகக் கேட்டால் அறை முழங்குகிறது. பெட்டியை இன்னும் அரையடி முன்னால் இழுக்க வேண்டும். கடைசியாகத் தனி நாகஸ்வரம். ஓங்கி வாசிக்கும் இடத்தில் காது சுருங்கினால் ட்வீட்டரின் நேர்ப்பார்வையைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம். அதுவும் போதாவிட்டால் போனின் ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் குறைக்கலாம். ஈக்வலைசர் குறைக்கப் பயன்படட்டும். கூட்டக் கூட்ட ஆம்ப்ளிஃபையர் திணறும்.

கடலூர் மாவட்டத்தில் ஸ்டீரியோவுக்கு எதிரிகள் மின்சாரமும் மழையும் பல்லியும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் போய்த் திரும்பும் கணம்தான் கருவிகளுக்கு ஆபத்தானது; மழைக்காலத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட மலிவான காப்பு வேறில்லை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலை மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபையர் இரையும், அது பழுதல்ல. டிவியோடு இணைத்ததும் 'ம்ம்' என்ற இரைச்சல் தொடங்கினால் கேபிள் வயரை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். வீராணம் ஏரியும் கொள்ளிடம் ஆறும் நிரம்பும் ஆண்டுகளில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறுவது புதிதல்ல என்பதால் ஆம்ப்ளிஃபையரும் ஜங்ஷன் பாக்ஸும் தரையில் இருக்கக் கூடாது. சூடான டிரான்ஸ்ஃபார்மர் பல்லிக்குப் பிடித்த இடம். உள்ளே புகுந்து இரண்டு முனைகளைத் தொட்டால் பல்லியும் போகும், ஐசியும் போகும். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டிவிடலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் ஸ்பீக்கரின் துணிமூடியைக் கழற்ற வேண்டாம். கூம்பின் நடுவிலுள்ள மூடியை விரலால் அமுக்குவதில் அவர்களுக்கு ஒரு தனி ஆனந்தம்.

பணத்தைப் பிரிப்பது இனிக் கடினமில்லை. 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து, பதினோராயிரம் ஆக்டிவ் ஜோடிக்குப் போகலாம். தனி ஆம்ப்ளிஃபையர் என்றால் எட்டு, ஒன்பதாயிரம் ஸ்பீக்கருக்கும் இரண்டு, மூன்றாயிரம் ஆம்ப்ளிஃபையருக்கும். கல், கடப்பை, வயர், திரைச்சீலை எல்லாம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் முடியும். மீதியைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. சப்வூஃபர் வாங்கும் ஆசை இரண்டாம் மாதம் வரும். அதற்கு ஆறு மாதம் தவணை கொடுக்கலாம். அப்போதும் குறை தெரிந்தால் வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒலிக்கும்படி அமைத்து, உட்காரும் இடத்தில் முதலில் அதையே வைத்து அறையைச் சுற்றி நடந்து, பேஸ் ஒரே சீராகக் கேட்கும் மூலையைக் கண்டுபிடித்து அங்கே நகர்த்த வேண்டும். பிறகு அதன் குமிழை ஒலி தனியாகத் தெரியாத அளவுக்குக் குறைத்து வைக்கலாம். அணைத்துப் பார்த்தால் மட்டுமே குறை தெரிய வேண்டும்.